எர்த் ஒயர் இல்லாத பவர் சப்ளை

வீட்டு மின்சாரத்தில் இயங்கும் டிசி பவர் சப்ளையைச் சொந்தமாகச் செய்துகொள்பவர்கள், 230 வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரிலும், அதை நேர்மின்னோட்டமாக்கும் டையோடுகளிலும் காட்டும் அக்கறையை, இவற்றைத் தாங்கி நிற்கும் இரும்புப் பெட்டியின்மீது காட்டுவது அரிது. வெளியே கிடைப்பது 12 வோல்ட்தானே என்ற எண்ணம், உள்ளே நுழைவது 230 வோல்ட் என்பதை மறக்கச் செய்துவிடுகிறது.

டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுருளில் காப்பு எரிந்துபோனாலோ, தளர்ந்த ஒயர் ஒன்று பெட்டியில் உரசினாலோ, மின்னழுத்தம் உள்ள கம்பியாகிய பேஸ் பெட்டியோடு சேர்ந்துவிடும். அந்நிலையில் பியூஸ் மட்டும் உயிரைக் காக்காது. உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், பெட்டியைத் தொட்டவர் வழியே தரைக்குப் பாய்வது 0.23 ஆம்பியர், இது இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கப் போதுமானது, ஆனால் 1 ஆம்பியர் பியூஸை உருக்கப் போதாது. பெட்டியை நிலத்தோடு இணைக்கும் எர்த் ஒயர் இருந்தால், அவ்வழியின் தடை 10 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும் 23 ஆம்பியர் பாய்ந்து பியூஸை உடனே உருக்கிவிடும். அதனால் பியூஸும் சுவிட்சும் பேஸ் கம்பியிலேயே இருக்க வேண்டும்; பிளக் பாயின்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால், இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்ச் இன்னும் நல்லது.

எர்த் ஒயரைப் பெட்டியில் பொருத்தும் இடத்தில்தான் கவனக்குறைவு மிகுதி. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அதைச் சுரண்டி இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, ஒயரின் நுனியில் வளைய லக்கை அழுத்திப் பிணைத்து, பல்வாஷர் வைத்து, வேறெதையும் தாங்காத தனி போல்ட்டில் இறுக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரைத் தாங்கும் போல்ட்டையே இதற்குப் பயன்படுத்துவது தவறு. அதைக் கழற்றும் நாளில் பாதுகாப்பும் கழன்றுவிடும். பச்சை நிற எர்த் ஒயரை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விட்டால், கேபிள் பிடுங்கப்படும்போது அதுவே கடைசியாக அறும். எர்த் கிடைக்காத இடத்தில் நியூட்ரலைப் பெட்டியோடு இணைப்பது கொடிய பழக்கம். நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் பெட்டி முழுவதும் மின்னேறிவிடும்.

டிசி வெளியீட்டின் எதிர்முனையை எர்த்துடன் சேர்ப்பது வேறு விஷயம். சேர்த்துவிட்டால், ஆசிலாஸ்கோப் போன்ற எர்த் இணைப்புள்ள கருவியைச் சுற்றின் வேறொரு புள்ளியில் பொருத்தும்போது ஷார்ட் ஏற்படலாம். ஆகவே நேர்முனை, எதிர்முனை இரண்டையும் தனித்து விட்டு, எர்த்துக்கென மூன்றாவது முனையம் வைப்பது நல்லது. இது இருசுருள்களும் தனித்தனியாகக் காப்பிடப்பட்ட டிரான்ஸ்பார்மருக்கு மட்டுமே பொருந்தும், ஒரே சுருளுள்ள ஆட்டோ டிரான்ஸ்பார்மருக்குப் பொருந்தாது.

கடைசியாக எர்த் இணைப்பைச் சோதிக்கும்போது, பிளக்கைக் கழற்றிய நிலையில், அதன் பெரிய எர்த் பின்னுக்கும் பெட்டியின் வெற்று இரும்புக்கும் இடையே மல்டிமீட்டர் அரை ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும்.