செஞ்சிக்குக் கிடைத்த பாதுகாப்பு காஸாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் தொடர்பான 12 கோட்டைகள் தேர்வாயின. அவற்றில் 11 மகாராஷ்டிராவில் உள்ளன; தமிழ்நாட்டில் செஞ்சி மட்டுமே. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை இது. பிறகு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. வெங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இன்றும் அங்கே நிற்கின்றன.

இதைச் சுற்றுலாச் செய்தியாக மட்டும் படித்துவிட்டோம். யுனெஸ்கோ என்பது ஐ.நா.வின் ஓர் அமைப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், கல்வியும் பண்பாடும் வளர்ந்தால் போர் எண்ணம் குறையும் என்ற நம்பிக்கையில் உருவானது. அதற்குப் படை கிடையாது, போலீஸ் கிடையாது. நாடுகள் கொடுத்த வாக்குறுதிதான் அதன் பலம். செஞ்சியை நேரில் பராமரிப்பது நம் தொல்லியல் துறைதான்.

அந்த வாக்குறுதி சில நேரம் வேலை செய்கிறது. மாலி நாட்டின் திம்புக்துவில் 2012இல் ஆயுதக் குழுக்கள் பழைமையான இறைநேசர்களின் அடக்கத்தலங்களை இடித்தன. யுனெஸ்கோ உதவியுடன் உள்ளூர்க் கொத்தனார்களே 2015க்குள் அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். இடிப்பை முன்னின்று நடத்தியவருக்கு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் 9 ஆண்டு சிறை விதித்தது. மாலி அரசே விசாரணை கேட்டது, அண்டை நாடான நைஜர் அவரை ஒப்படைத்தது. அதனால்தான் இது நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

காஸாவில் அப்படி நடக்கவில்லை. போரில் பண்பாட்டுச் சின்னங்களைத் தாக்கக் கூடாது என்று 1954ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. இஸ்ரேலும் அதில் சேர்ந்த நாடுதான். ஆனாலும் காஸா நகரின் உமரி பெரிய பள்ளிவாசல் 2023 டிசம்பரில் இடிபாடானது. அதே டிசம்பரில் பாதுகாப்பு கவுன்சிலில் போர்நிறுத்தத் தீர்மானம் வந்தது. 15 உறுப்பினர்களில் 13 பேர் ஆதரவு, பிரிட்டன் நடுநிலை. அமெரிக்காவின் ஒரே வீட்டோ போதும், தீர்மானம் தோற்றது.

'பிறகு ஐ.நா. எதற்கு?' என்று டி.வி. பார்க்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் காஸாவில் பல தலைமுறைப் பிள்ளைகள் எழுத்துப் படித்தது ஐ.நா. நிவாரண அமைப்பின் பள்ளிகளில்தான் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சோறு போடவும் பாடம் நடத்தவும் வீட்டோ தேவைப்படுவதில்லை. குண்டை நிறுத்தும் இடத்தில்தான் அது குறுக்கே வருகிறது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளிடம் அந்த அதிகாரம் இருக்கிறது. அதை எடுக்க ஐ.நா. சாசனத்தைத் திருத்த வேண்டும். திருத்தத்துக்கும் அதே ஐந்து நாடுகளின் சம்மதம் வேண்டும்.