ஒரு நாடு, இரு ஓய்வூதியம், இரு வரி

அமெரிக்காவில் பணியாற்றி ஓய்வு பெற்று இந்தியா திரும்புவோரில் சிலர், 'அங்கேயே வரி பிடித்துவிட்டார்கள், இங்கு எதற்குக் கணக்கு?' என்று இருந்துவிடுகின்றனர். வேறு சிலர் அச்சத்தால் இரு நாடுகளிலும் வரி செலுத்துகின்றனர். இரண்டுமே இழப்பில் முடியக்கூடும்.

1989-இல் கையெழுத்தான இந்திய - அமெரிக்க இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம், ஓய்வூதியம் அனைத்தையும் ஒரே வகையாகக் கருதவில்லை. தனியார் நிறுவனப் பணிக்காக மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்துக்கு, அதைப் பெறுபவர் வசிக்கும் நாடு மட்டுமே வரி விதிக்கலாம் என்கிறது அதன் 20-ஆவது பிரிவு. அதே பிரிவின் அடுத்த பத்தியோ, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு வரி விதிக்கும் உரிமையை அதை வழங்கும் அரசுக்கே விட்டுவிடுகிறது.

ஆக, தனியார் துறையில் பணியாற்றி இந்தியாவில் வந்து வசிக்கும் இந்தியக் குடிமகனின் சமூகப் பாதுகாப்புத் தொகைக்கு இங்கு வரி இல்லை. ஆனால், அதில் 85 விழுக்காட்டின் மீது 30 விழுக்காடு, அதாவது மொத்தத்தில் 25.5 விழுக்காடு, அமெரிக்காவில் பிடிக்கப்படும். அவரது மொத்த வருமானம் இந்தியாவின் வரி வரம்புக்குள் வராத அளவு சிறியதாக இருந்தாலும் இதே விகிதம்தான். சிறு ஓய்வூதியர்களுக்கு இது நியாயமன்று என்பதே என் கருத்து.

நிறுவன ஓய்வூதியத்தில் சிக்கல் வேறு. தாம் இந்தியாவில் வசிப்பதை உரிய படிவத்தின் மூலம் தெரிவிக்காதவரிடம் அங்கே 30 விழுக்காடு பிடித்துவிடுவர். அந்த வரியை இங்கு கழித்துக்கொள்ளலாம் என நம்புவது ஆபத்தானது. ஒப்பந்தப்படி அமெரிக்கா விதிக்கக்கூடிய வரிக்கு மட்டுமே இந்தியா கழிவு தர வேண்டும். இது அவ்வாறு விதிக்கக்கூடிய வரியன்று என்பதால், அங்கிருந்தே திரும்பப் பெற முயல வேண்டும். (அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களின் நிலை வேறு. அவர்கள் எங்கு வாழ்ந்தாலும் வரி விதிக்கும் உரிமையை அந்நாடு ஒப்பந்தத்திலேயே தக்கவைத்துக்கொண்டுள்ளது.)

ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளில் காலப் பொருத்தமின்மையும் இருந்தது. கணக்கில் ஆண்டுதோறும் சேரும் வருவாய்க்கு இந்தியா வரி கேட்டது. அமெரிக்காவோ பணத்தை எடுக்கும்போதுதான் விதித்தது. ஆண்டுகள் பொருந்தாததால் வரிக் கழிவு பயனற்றுப் போனது. இதைச் சரிசெய்யவே 2021-இல் வருமானவரிச் சட்டத்தில் 89ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகள் அறிவிக்கப்பட்டன. பணம் எடுக்கும் ஆண்டில் வரி செலுத்தும் இவ்வாய்ப்பு தானாகக் கிடைப்பதில்லை. வரி செலுத்துபவரே விருப்பம் தெரிவிக்க வேண்டும்.

நாடு திரும்பிய தொடக்க ஆண்டுகளில் மற்றொரு சலுகையும் உண்டு. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவராக இருந்தவருக்கு, வெளிநாட்டு ஓய்வூதியம் இங்கு வரிக்கு உட்படாது. ஆனால், அத்தொகை முதலில் வெளிநாட்டு வங்கிக் கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். நேரடியாக இந்தியக் கணக்குக்கு வரவழைத்தால் இச்சலுகை இல்லை.