உப்பு இறங்கிடுச்சு... சிறுநீரகம் தப்பிச்சிடுச்சா?

“உப்பு இறங்கிடுச்சு, நாளைக்கு டிஸ்சார்ஜ்!” ஐ.சி.யூ. வாசலில் பாய் விரித்துக் காத்துக்கிடக்கும் குடும்பத்துக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. சர்க்கரை நோயாளியின் காலில் சின்னப் புண்ணாக ஆரம்பித்து, ரத்தத்தில் கிருமி பரவி, செப்சிஸ் வரை போய், டயாலிசிஸ் போட வேண்டுமோ என்று பேச்சு அடிபட்டு, எப்படியோ மீண்டுவிட்டார். அந்த ‘உப்பு’, அதாவது 4-ஐத் தாண்டிய கிரியாட்டினின், இப்போது 1.1. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நார்மல்’ என்று எழுதியாகிவிட்டது.

அந்த 1.1-ஐத்தான் நம்ப முடியவில்லை.

கிரியாட்டினின் தசையில் உற்பத்தியாகும் கழிவு. வெளியேற்றும் வேலை மட்டும்தான் சிறுநீரகத்துடையது. செப்சிஸில் விழுந்தவருக்குத் தசை கரையும் வேகம் பயங்கரமானது. வீடு திரும்பியவரைப் பாருங்கள்: தொடை பாதியாகியிருக்கும், இடுப்பில் வேட்டி நிற்காது, நாற்காலியிலிருந்து எழ இரண்டு பேர் பிடிக்க வேண்டும். தசை குறைந்தால் கிரியாட்டினின் உற்பத்தியும் குறையும். ஆக, ரிப்போர்ட்டில் எண் இறங்கியதில் சிறுநீரகம் தேறியதன் பங்கு எவ்வளவு, உடம்பு இளைத்ததன் பங்கு எவ்வளவு என்று அந்த ஒரு எண்ணை வைத்துப் பிரிக்கவே முடியாது. போதாக்குறைக்கு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பாதியளவு போகும்வரைகூட கிரியாட்டினின் பெரிதாக அசைந்து கொடுக்காது.

உள்ளே என்ன நடந்தது என்பதற்கு நெடுங்காலம் ஒரே கதைதான் சொல்லப்பட்டது. ரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகவில்லை, செல்கள் செத்துப்போகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2000-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செம்மறியாடுகளின் ரத்தத்தில் ஈ.கோலி பாக்டீரியாவைச் செலுத்திச் சிறுநீரக ரத்தக்குழாயில் ஓட்டத்தை அளந்தபோது, அது குறையவில்லை, கூடியிருந்தது. அப்படியும் சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்தது. செப்சிஸில் இறந்தவர்களின் சிறுநீரகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். செத்த செல்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு.

பிறகு யார்தான் வேலையை நிறுத்தியது? சிறுநீரக நுண்குழாயின் முதல் வளைவில் இருக்கும் செல்கள்தான். தினமும் சுமார் 180 லிட்டர் திரவம் வடிகட்டப்பட்டு இறங்க, அதில் பெரும்பகுதியை உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது இவைதான். அந்த உழைப்புக்காகவே தங்களுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை அடைத்துவைத்திருக்கின்றன. செப்சிஸில் பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகளும், உடம்பே வெளிவிடும் அபாய மூலக்கூறுகளும் வடிகட்டியைத் தாண்டி இந்தக் குழாய்க்குள் வருகின்றன. செல்லின் மேல் இருக்கும் டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பி அவற்றை அடையாளம் கண்டு மணியடிக்கிறது. கலவரம் என்றதும் கடைத்தெருவில் மடமடவென்று ஷட்டர் இறங்குமே, அதேதான். சோடியம் உறிஞ்சும் செலவு பிடித்த வேலை நிற்கிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் தானே தின்று தீர்க்கிறது. புதிதாகப் பிரிவதையும் ஒத்திப்போடுகிறது. இந்த ஒத்திவைப்பின்போது டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி-7 என்ற இரண்டு புரதங்கள் சிறுநீரில் கசிகின்றன. கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே இவற்றை அளக்கும் சோதனைக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி கொடுத்தது. நம் ஊரில் பெரும்பாலும் இன்னும் யூரின் பைதான் கதி: 60 கிலோ எடையுள்ளவருக்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே 6 மணி நேரம் இறங்கினால் சிறுநீரகம் அடிவாங்குகிறது என்று அர்த்தம்.

இதுவரை நடந்ததெல்லாம் தற்காப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். என் கவலை அதற்கடுத்த கட்டத்தில்தான். கிருமி அடங்கியதும் மிஞ்சிய செல்கள் பிரிந்து பெருகிக் குழாயைப் பூசி மெழுகுகின்றன. பெரும்பாலானவை வேலையை ஒழுங்காக முடித்துவிடும். சில செல்கள் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கிய பிறகு, இரண்டாகப் பிரிய முடியாமல் நடுவழியில் மாட்டிக்கொள்ளும். எலிகளின் சிறுநீரகத்தைப் பலவிதமாகக் காயப்படுத்திப் பார்த்து 2010-ல் வெளிவந்த ஆய்வு, இப்படி மாட்டிக்கொண்ட செல்கள் டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைப் பொருட்களைச் சுரந்துகொண்டே இருப்பதைக் காட்டியது. நுண்ரத்தக்குழாய்களை அணைத்துப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்களுக்கு இது போய்ச் சேர்கிறது. அவை பிடியை விட்டு நகர்ந்து, உருமாறி, கொலாஜன் நாரைக் கொட்ட ஆரம்பிக்கின்றன. அதுதான் தழும்பு. பிடிமானம் இழந்த ரத்தக்குழாய் சுருங்கி மறைகிறது, பக்கத்துச் செல்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது, அவையும் நோகின்றன, இன்னும் கொஞ்சம் நார் சேர்கிறது. இத்தனைக்கும் ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் முடிந்து, பிளட் கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்திருக்கும்.

‘சர்க்கரையாலும் பி.பி.யாலும் ஏற்கெனவே கெட்டிருந்த சிறுநீரகம், செப்சிஸ் வந்ததும் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்’ என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. இருக்கட்டும். ஏற்கெனவே கெட்டிருந்தது என்றால் இன்னும் அக்கறையாகக் கவனிக்க வேண்டாமா?

அந்தக் கவனிப்புதான் நடப்பதில்லை. சிறுநீரகம் திடீரென அடிபட்டவர்களை 3 மாதம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்று 2012-ன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். புண்ணுக்கு டிரெஸ்ஸிங் எந்தக் கிழமை, சர்க்கரை எப்போது பார்க்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். சிறுநீரகத்துக்கு ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம்.

பார்க்க வேண்டியதும் மலையளவு இல்லை. காலைச் சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்ற சோதனை சாதாரண லேபிலேயே கிடைக்கும். தசையை அவ்வளவாக நம்பாத சிஸ்டாட்டின்-சி ரத்தப் பரிசோதனை, உடம்பு இளைத்தவர்களுக்குக் கிரியாட்டினினைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். விலை கூடுதல், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் பிசகும். நோய்க்கு முன் எப்போதாவது எடுத்த பழைய ரிப்போர்ட் பீரோவில் கிடந்தால் அதையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். முன்பு 0.7 இருந்தவருக்கு இன்று 1.1 என்றால் அது நார்மல் இல்லை.

அப்புறம் அந்த வலி மாத்திரை. படுக்கையிலிருந்து எழுந்தவருக்கு மூட்டுவலியும் இடுப்புவலியும் வருவதுண்டு. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபினாக் கிடைக்கும். வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை விரித்துப் பிடித்திருக்கும் புரோஸ்டாகிளாண்டினைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. மிச்சமிருக்கும் நெஃப்ரான்கள் (வடிகட்டியும் நுண்குழாயும் சேர்ந்த அலகுகள்) அந்த விரிப்பை நம்பித்தான் கூடுதல் சுமையை இழுத்துக்கொண்டிருக்கின்றன. பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.