காலின் வலிமையும் வளர்ச்சியின் கணக்கும்

பெங்களூர் அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் பெலேயின் சிலை ஒன்று உண்டு. தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த அப்பகுதியில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற ஆலைகள் தம் அணிகளுக்கு ஆட்டக்காரர்களைச் சேர்த்து வேலையும் கொடுத்த நகரம் இது. ஆகவே, பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேர்ந்தெடுப்பதோ தள்ளுவதோ சிறிய செயல் எனக் கருதற்கில்லை. அவ்வயதில் அவன் காலின் வலிமையை அளந்தால், கிடைக்கும் எண் நமக்கு எதைக் கூறும்?

முழங்காலை நீட்டுவது தொடையின் முன்தசை, மடக்குவது பின்தசை. இவற்றை அளக்க ஆய்வுக்கூடங்களில் ஐசோகைனெடிக் டைனமோமீட்டர் என்னும் கருவி பயன்படுகிறது. சிறுவனை இருக்கையில் அமர்த்தி, இடுப்பையும் தொடையையும் வாரால் இறுகக் கட்டி, முழங்காலின் அச்சும் கருவியின் அச்சும் ஒரே கோட்டில் அமையச் செய்வர். அவன் எவ்வளவு முயன்று உதைத்தாலும் கருவியின் கை குறித்த வேகத்துக்கு மேல், அதாவது நொடிக்கு 60 பாகைக்கு மேல், நகராது. அந்த வேகத்தில் அவன் செலுத்தும் திருப்புவிசை ஒவ்வொரு கோணத்திலும் பதிவாகும். காலின் எடை நீட்டும்போது எதிர்க்கும், மடக்கும்போது துணைபுரியும். ஆதலின் அதனையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதன்முறை சிறுவர் தம் முழு வலிமையைக் காட்டுவதில்லை. சிலமுறை பழக்கிய பின்னரே அளவெடுத்தல் நன்று.

கருவியின் விலையோ மிக அதிகம். கையடக்கமான விசைமானியைக் கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்து உதைக்கச் சொல்லியும் அளக்கலாம். முழங்காலிலிருந்து 0.3 மீட்டர் தொலைவில் 200 நியூட்டன் எனில், திருப்புவிசை 60 நியூட்டன்-மீட்டர். ஆனால் கருவியைப் பிடிப்பவர் சிறுவனைவிட வலியவராக இருக்க வேண்டும். இல்லையேல் அளக்கப்படுவது பிடித்தவரின் வலிமையே!

இனி, ஒரே வயதினர் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவன் உயரம் 148 செ.மீ.; மற்றவன் 163 செ.மீ. உயரத்தில் ஏறத்தாழப் பத்து விழுக்காடு வேறுபாடு. தசையின் விசை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது; பரப்பு நீளத்தின் இருமடிப்படி வளரும். விசையை நெம்புகோலின் நீளத்தால் பெருக்க, திருப்புவிசை மும்மடிப்படி உயரும். 1.1-இன் மும்மடி 1.33. தசையின் தரம் சிறிதும் உயராமலே நெட்டையன் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகக் காட்டுவான். உடல் எடையும் ஏறக்குறைய இவ்வாறே பெருகுவதால், திருப்புவிசையை எடையால் வகுத்து ஒப்பிடுதல் முறை.

அதுவும் முழு நியாயம் ஆகாது. பருவம் எய்தியவனுக்கு ஆண்மைச் சுரப்புநீர் உடலளவுக்கும் மேலாகத் தசை வலிமையைக் கூட்டுகிறது. பையன்கள் விரைந்து நெடுவளர்வது பெரும்பாலும் பதின்மூன்றரை, பதினான்கு வயதில். ஆனால் ஓரிரு ஆண்டுகள் முந்துவோரும் பிந்துவோரும் உளர். உயரம் முந்தி ஓட, வலிமை சில திங்கள் கழித்தே, சிலருக்கு ஓராண்டு கழித்தே, வந்து சேரும். அந்த இடைவெளியில் முழங்காற் சில்லுக்குக் கீழே வலி காண்பதும் உண்டு. அப்போது ஒருவன் உதை தளர்ந்தால் பயிற்சியாளர் சோம்பல் என்கிறார். பிந்தி வளர்பவனோ தன் முறை வருமுன்பே வெளியேற்றப்படுகிறான்.

வளர்ச்சி நிலையை அறிவது எங்ஙனம்? மணிக்கட்டின் எலும்பைப் படமெடுத்துப் பார்க்கலாம். 2009 முதல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் வயதைச் சரிபார்க்க ஃபிஃபா காந்த அதிர்வுப் படத்தைப் பயன்படுத்தியது. நிற்கும் உயரம், அமர்ந்த உயரம், எடை, வயது ஆகியவற்றால் கணிக்கும் சமன்பாடு ஒன்றை மிர்வால்டும் உடனுழைத்தோரும் 2002-இல் வெளியிட்டனர். மிக முந்துவோருக்கும் பிந்துவோருக்கும் அது பிழைபடும், நமக்கோ அவர்களே முக்கியம்.

செலவற்ற வழி பழையது. பிரான்சில் மோன்பெய்யார் என்பவர் தம் மகனின் உயரத்தை 1759 முதல் 1777 வரை அளந்து குறித்து வைத்தார். வளர்ச்சியின் பாய்ச்சல் அப்பதிவிலேயே தெரிகிறது. மூன்று திங்களுக்கு ஒருமுறை, சுவரில் சாய்த்து நிறுத்தி, ஒரு பென்சிலால் நம் குழுக்களும் குறிக்கலாம். எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். மாலைக்குள் முதுகெலும்பின் வட்டுகள் அமுங்கி, உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும்.