கடல் கடக்கும் கல்வித்தகுதி

செங்கல்பட்டு மாவட்டத்தில், கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி அமைந்த ஊர் நெம்மேலி. வங்கக்கடலின் உப்புநீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் நிலையங்கள் இங்கு உள்ளன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் முதல் நிலையம் 2013ஆம் ஆண்டிலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாம் நிலையம் 2024ஆம் ஆண்டிலும் தொடங்கி வைக்கப்பட்டன. இரண்டாம் நிலையத்தை அமைக்கும் பணியை ஸ்பெயின், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் நிறுவனங்கள் கூட்டாக மேற்கொண்டன.

கடல்நீரை நன்னீராக்கும் தொழில் வளைகுடா நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்ந்துள்ளது. நெம்மேலியில் பயன்படும் பொறியியல் அறிவு அங்கும் பயன்படும். அறிவுக்கு நாட்டெல்லை இல்லை. பட்டச் சான்றிதழுக்கோ எல்லை உண்டு. ஒரு நாட்டில் பெற்ற கல்வித்தகுதியை மற்றொரு நாடு ஆராய்ந்து ஒப்புக்கொள்வதே தகுதி ஏற்பு எனப்படும்.

ஏற்பு ஏன் தேவை?

நோயாளி தமக்கு ஊசி போடுபவரின் பயிற்சியைச் சோதித்துப் பார்க்க இயலாது. பாலத்தைக் கடப்பவர் அதன் கணக்கீட்டைச் சரிபார்க்க இயலாது. அவர்களுக்காக அரசு அமைப்புகள் அப்பணியைச் செய்கின்றன. இங்கிலாந்தில் பணியாற்ற விரும்பும் இந்தியச் செவிலியர், ஆங்கிலத் தேர்வுடன் அறிவுத் தேர்வு, செய்முறைத் தேர்வு ஆகியவற்றிலும் வென்று பதிவு பெற வேண்டும். சவூதி அரேபியாவில் பொறியாளர்கள் அந்நாட்டுப் பொறியாளர் மன்றத்தில் பதிவு செய்தல் கட்டாயமாகும். ஜெர்மனி 2012ஆம் ஆண்டில் தகுதி ஏற்புக்கெனத் தனிச்சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வெளிநாட்டில் மருத்துவம் பயின்று திரும்பும் இந்தியர்களுக்கு நம் நாடும் 2002ஆம் ஆண்டு முதல் தகுதித்தேர்வு நடத்தி வருகிறது.

இரு வினாக்கள்

சான்றிதழ் உண்மையானதா என்பது முதல் வினா. அதன் பின்னுள்ள கல்வி நிகரானதா என்பது இரண்டாம் வினா. அப்போஸ்டில் எனப்படும் சான்றொப்பம் முதல் வினாவிற்கு மட்டுமே விடையளிக்கும். அதற்கான பன்னாட்டு உடன்படிக்கை இந்தியாவில் 2005ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. வெளியுறவு அமைச்சகம் இச்சான்றொப்பத்தை அளிக்கிறது. முத்திரை பெற்றவுடன் பட்டம் ஏற்கப்பட்டுவிட்டதாகக் கருதுவது தவறாகும்.

வாஷிங்டன் உடன்படிக்கை

பொறியியலில் இரண்டாம் வினாவிற்கு விடை காண, 1989ஆம் ஆண்டில் ஆறு நாடுகளின் அமைப்புகள் வாஷிங்டன் உடன்படிக்கையை உருவாக்கின. இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம் 2014ஆம் ஆண்டில் இதன் நிரந்தர உறுப்பினராயிற்று. ஆயினும், இந்தியப் பொறியியல் பட்டங்கள் அனைத்தும் இதில் அடங்கா. வாரியத்தின் முதல்நிலை அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளே அடங்கும்.

நெம்மேலிப் பகுதியைச் சேர்ந்த மாணவியர் இருவர் வெவ்வேறு கல்லூரிகளில் இயந்திரப் பொறியியல் பயில்வதாகக் கொள்க. இருவரும் ஒரே மதிப்பெண் பெறுகின்றனர். ஒருவர் பயின்ற பாடப்பிரிவு முதல்நிலை அங்கீகாரம் உடையது, மற்றவருடையது அவ்வாறன்று. ஆஸ்திரேலியாவிற்கு விண்ணப்பிக்கும்போது முதலாமவரின் பட்டம் நிகரானதாக ஏற்கப்படும். இரண்டாமவர் தம் பணிகளை விரிவான அறிக்கைகளாக எழுதித் திறனை மெய்ப்பிக்க நேரிடும். இவ்வேறுபாடு கல்லூரியைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே தோன்றிவிட்டது.

மாணவர் செய்ய வேண்டுவன

அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக வழங்கப்படுவதன்று; ஒவ்வொரு பாடப்பிரிவிற்கும் குறிப்பிட்ட காலத்திற்கு வழங்கப்படுவது. ஆகவே சேரவிருக்கும் பிரிவின் பெயர், அங்கீகார நிலை, காலவரம்பு ஆகியவற்றை வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்தல் வேண்டும். பாடத்திட்ட நகல், மதிப்பெண் பட்டியல், பணி அனுபவச் சான்று ஆகியவற்றைப் பாதுகாத்தல் வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு முயலும்போது, 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ, மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவரையோ அணுகுதல் நன்று.

பதினோராம் வகுப்பு மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க இன்னும் காலம் உள்ளது. அங்கீகார நிலையை இன்று சரிபார்க்கச் சில நிமிடங்களே போதும். தவறவிட்டால், பின்னர் அதை ஈடுசெய்ய ஆண்டுகள் தேவைப்படலாம்.