பாவு கணக்குக்கு ஒரு ஆப்

முசரவாக்கத்தில், தறிக்காரர்களுக்குப் பாவு கொடுத்துப் பட்டுச் சேலை வாங்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: “தம்பி, நமக்குன்னு ஒரு ஆப் போடணும். எவ்வளவு ஆகும்?” டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவரிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நெல் மண்டிக்காரருக்கும் லாரி செட்டு வைத்திருப்பவருக்கும் இது உதவும்.

“விலை இருக்கட்டும் அண்ணே, உங்க நோட்டைக் காட்டுங்க” என்றேன்.

தறிக்காரர் ஒருவருக்கு ஒரு பக்கம். கொடுத்த பாவு (நெடுக்கு இழை), ஊடை (குறுக்கு இழை), ஜரிகை, அவற்றின் எடை, முன்பணம், சேலை வந்த தேதி, கூலி. பார்த்தால் சாதாரணக் கணக்கு. ஆனால் கச்சாப் பட்டு சாயப்பட்டறைக்குப் போய்ப் பசை எடுத்துத் திரும்பும்போது ஏறக்குறைய கால் பங்கு எடை போய்விடும். பட்டு இழையின் மேல் இயற்கையாகவே இருக்கும் பசை, சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கையில் கரைந்துவிடுகிறது. தொழிலில் இருப்பவருக்கு இது பால பாடம். கடையில் விற்கும் சரக்குக் கணக்கு மென்பொருளோ, 1,000 கிராம் போனது, 750 கிராம்தான் வந்தது, மீதி எங்கே என்று கேட்டு நிற்கும். அடுத்தது பாவு. ஒரே பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. முதல் சேலை வந்ததும் கூலி கொடுக்க வேண்டும், முன்பணத்தில் கொஞ்சம் கழிக்க வேண்டும், தறியில் இன்னும் எவ்வளவு பட்டு நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். “தீபாவளி மாசம் கழிக்க மாட்டேன்” என்றார் அண்ணன். அந்த விதி நோட்டில் எங்கேயும் இல்லை, அவர் மனதில்தான் இருக்கிறது.

நமக்கென்று எழுதும் மென்பொருள் என்றால், இப்படி மனதில் இருக்கும் விதிகளை எல்லாம் கேட்டு வாங்கி எழுதுவதுதான். இதில் வாங்கிப் போட மூலப்பொருள் என்று பெரிதாக எதுவும் கிடையாது. செலவில் பெரும்பங்கு ஆள் சம்பளம். எத்தனை பேர், எத்தனை மாதம் என்பதுதான் விலை. ‘இதுக்கு மட்டும் வேற மாதிரி’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் அதில் சில நாட்களைக் கூட்டும். நோட்டைப் பார்க்காமலே ஒருவர் போனில் விலை சொல்கிறார் என்றால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வராது.

வணிகத்துக்காகக் கணினியில் எழுதிய முதல் வேலையே இப்படி நடைமுறையைக் கேட்டுத்தான் பிறந்தது, அதுவும் டீக்கடைக்காரர்களிடம். லண்டனில் டீக்கடைகளும் பேக்கரியும் நடத்திவந்த லயன்ஸ் நிறுவனம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியைப் பார்த்து ‘லியோ’ என்ற கணினியைச் சொந்தமாகவே கட்டியது. 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கு அதில் ஓடத் தொடங்கியது. 1954-ல் டீக்கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையும் அதற்கு வந்தது. டேவிட் கேமினர் என்பவரின் குழு கடைகளின் நடைமுறையை உட்கார்ந்து ஆராய்ந்தது. தினமும் முழுப் பட்டியலை எழுதத் தேவையில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் ஒன்று கணினிப் பக்கம் இருக்கும். கடையை நடத்தும் பெண்மணி போனில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும்.

அண்ணனுக்கும் அதே வழிதான் சரி. ஒரு தறிக்காரருக்குப் பெரும்பாலும் போன தடவை கொடுத்த அளவுதான் இந்தத் தடவையும். பெயரைத் தொட்டதும் போன பாவின் எடை தமிழில் திரையில் நிற்க வேண்டும். மாறினால் மட்டும் திருத்தட்டும். இது மென்பொருள் எழுதுகிறவருக்குத் தானாகத் தோன்றாது. பாவு எடை போடுகிற இடத்தில் ஒரு நாள் முழுக்க அவரை உட்கார வைக்க வேண்டும்.

விற்பனை பில், ஜிஎஸ்டி இதையெல்லாம் புதிதாக எழுதவே கூடாது. அதற்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது. அதுவும் ஒரு வீட்டுத் தேவையில் வந்ததுதான். ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகமும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்திடம் எழுதச் சொன்னார். 1986-ல் பெங்களூரில் தொடங்கியது அது. இன்று டேலிக்கே கூடுதலாகச் சின்னச் சின்ன வசதிகள் எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். எங்கேயும் விலைக்குக் கிடைக்காத அந்தத் தறிக்காரர் பேரேட்டுக்கு மட்டும் காசு செலவழித்தால் போதும்.

ஆப்தான் வேண்டுமா என்றால், எனக்குத் தெரிந்தவரை முதலில் வேண்டாம். போனிலேயே திறக்கும் இணையப் பக்கம் போதும். ஆப் போட்டால் ஆண்ட்ராய்டு மாற மாற அதையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காசை விடப் பெரிய விஷயம் உரிமை. இதைப் பலர் கேட்பதே இல்லை. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகத்தான் எண்ணுகிறது. உங்கள் சம்பளத்தில் இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை உங்களுக்கு. வெளி நிறுவனம் எழுதினால், நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும், எழுத்தில் மாற்றித் தராதவரை உரிமை பொதுவாக எழுதியவர் பக்கமே நிற்கும். மாற்றித் தந்தாலும் எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆகவே காலம், இடம் இரண்டும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். மூல நிரல் உங்கள் கைக்கு வர வேண்டும். இணைய முகவரி, சர்வர் கணக்கு, பின்னால் ஆப் போட்டால் பிளே ஸ்டோர் கணக்கு, எல்லாம் உங்கள் பெயரில். பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர்தான். அதை மிச்சம் பிடிக்கப் போய் எழுதியவர் கணக்கிலேயே விட்டால், அவர் ஊர் மாறியதும் உங்கள் தறிக்காரர் கணக்கு யாரிடமோ மாட்டிக்கொள்ளும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். பெரும் பகுதியைக் கடைசிச் சோதனைக்கு நிறுத்தி வையுங்கள். நோட்டில் கணக்கு முடிந்துபோன பழைய மாதம் ஒன்றை எடுத்து முதல் வரியிலிருந்து மென்பொருளில் ஏற்றச் சொல்லுங்கள். தீபாவளி வந்த மாதமாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு தறிக்காரரின் பாக்கியும், தறியில் நிற்கும் பட்டின் எடையும் நோட்டோடு ஒத்துப்போனால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். அதன் பிறகும் இரண்டு மாதம் நோட்டை மூடாதீர்கள், இரண்டிலும் எழுதுங்கள்.