வேகத்தைக் கூட்டுகையில் மோட்டார் வண்டி அதிர்வது ஏன்?

சீரான வேகத்தில் அமைதியாகச் செல்லும் மோட்டார் வண்டி, ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் அதிரத் தொடங்குவதுண்டு. உடனே சக்கரங்களைக் குறைகூறி, டயர்களை மாற்றுவோர் பலர். குறை வேறிடத்தில் இருப்பின் பணம் செலவாகுமேயன்றி அதிர்வு நீங்காது. வண்டியில் செல்வோருக்கு ஆபத்தும் தொடரும். ஆகவே, எந்தப் பாகத்தையும் கழற்றுமுன் அதிர்வு எதைச் சார்ந்து தோன்றுகிறது என்று கண்டறிதல் வேண்டும்.

எஞ்சினின் சுழற்சி வேகம், வண்டியின் ஓட்ட வேகம், எஞ்சின் சக்கரங்களுக்குச் செலுத்தும் விசை ஆகிய மூன்றில் ஒன்றை அதிர்வு பெரும்பாலும் சார்ந்திருக்கும். இவற்றைப் பிரித்தறிய மூன்று சோதனைகள் உதவும்.

முதலாவதாக, வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இட்டு, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினின் வேகத்தைக் கூட்டுக. அப்போதும் அதிருமாயின், குறை எஞ்சினிலோ அதனைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளிலோ இருத்தல் கூடும்.

இரண்டாவதாக, போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில், ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலும் பின்னர் நான்காம் கியரிலும் செல்க. கியர் மாறியும் அதிர்வின் துடிப்பு மாறாதிருந்தால், எஞ்சினை விடுத்துச் சக்கரங்களையும் புரொப்பெல்லர் ஷாப்டையும் ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவதாக, அதிரும் வேளையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்துக. வேகம் குறையுமுன்பே அதிர்வு மறைந்தால், அது விசையைச் சார்ந்த குறையாகும். சக்கரத்தின் எடைச் சமநிலை கெட்டிருந்தால் அதிர்வு இவ்வாறு உடனே மறைவதில்லை.

துடிப்பின் விரைவும் ஒரு குறிப்பைத் தரும். 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், வண்டி மணிக்கு 60 கி.மீ. செல்லும்போது வினாடிக்கு ஏறக்குறைய 7 1/2 முறை சுழலும். பின் ஆக்சிலின் பல்விகிதம் 4 எனில், புரொப்பெல்லர் ஷாப்ட் அதே நேரத்தில் 30 முறை சுழலும். எனவே, மெதுவான குலுக்கல் சக்கரத்தையும், விரைந்த நடுக்கம் ஷாப்டையும் சுட்டும்.

ஜீப் போன்ற வண்டிகளில் ஷாப்டின் இரு முனைகளிலும் யூனிவர்சல் ஜாயின்ட்டுகள் உள்ளன. சாய்ந்த நிலையில் சுழலும் ஜாயின்ட், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் செலுத்துகிறது. இரு முனைகளின் சாய்வும் சமமாக இருந்து, முட்கரண்டிகளும் நேராகப் பொருந்தியிருந்தால் ஒன்றன் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்யும். விசை மிகும்போது பின் ஆக்சிலின் முன்பகுதி மேலெழ முயல்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் ஜாயின்ட் தேய்ந்திருந்தாலும் அச்சமநிலை கெட்டு, அதிர்வு பிறக்கிறது. எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டபின் ஷாப்டைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். ஜாயின்ட்டில் ஆட்டமோ துருநிறத் தூளோ காணப்பட்டால் வண்டியை மேலும் ஓட்டலாகாது. முன்முனை ஜாயின்ட் முறிந்தால் ஷாப்ட் சாலையில் குத்தி விபத்தை விளைவிக்கக்கூடும்.

முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களில், விசை கூடும்போது மட்டும் பக்கவாட்டில் நடுக்கம் ஏற்பட்டால், கியர்பெட்டியை ஒட்டிய உள் ஜாயின்ட்டின் தேய்வை ஐயுறலாம். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் விட்டுவிட்டுத் துள்ளி இழுத்தால், பிளக்குகளைச் சோதித்தல் நலம்.

எவ்வேகத்தில், எக்கியரில், ஏற்றத்திலா சமதளத்திலா அதிர்வு தோன்றியது என்று குறித்துக்கொண்டு பணிமனைக்குச் செல்க. ஒரு நேரத்தில் ஒரு நிலையை மட்டும் மாற்றி விளைவை நோக்கும் இம்முறை, ஆசிரியர்கள் வகுப்பறையில் சோதனை முறையை விளக்குவதற்கும் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.